அடைகாக்க மறந்த பறவை

இந்த எபிசோட்ல ஒரு சின்னப் பறவையோட பெரிய வரலாறு. பிரியாணிக் கடை வாசல்ல ‘காடை ஃப்ரை’னு போர்டு பார்த்திருப்பீங்க. சூப்பர் மார்க்கெட்ல கறுப்புப் புள்ளி போட்ட குட்டி முட்டை டப்பா பார்த்திருப்பீங்க. அந்தக் காடைதான்.

அதுகிட்ட ஒரு விசித்திரம் இருக்கு. கிட்டத்தட்ட தினமும் ஒரு முட்டை போடும். ஆனா அந்த முட்டை மேல உக்காராது. போட்ட இடத்துலயே விட்டுட்டு நடந்து போயிடும், சில நேரம் மிதிச்சுட்டும் போகும். அப்படின்னா, உலகத்துல எல்லா இன்குபேட்டரையும் ஒரே நேரத்துல அணைச்சா, கூண்டுல வளர்ற இந்தக் காடை ஒரே தலைமுறையில முடிஞ்சுது. ஒரு பறவை எப்படி இந்த நிலைமைக்கு வந்துச்சு?

நான் 2022-ல இருந்து திருவான்மியூர்ல என் வீட்டு பால்கனி ஓரத்துல, ஒரு தெர்மோகோல் பெட்டியில காடை முட்டை பொரிக்க வைக்கிறேன். அந்தப் பெட்டி கதை பின்னால வரும். முதல்ல பறவை.

நம்ம ஊருக்குக் காடை புதுசு கிடையாது. சங்க இலக்கியத்துல இதுக்குப் பேர் குறும்பூழ். கலித்தொகையில, மருதத்திணைப் பாட்டு ஒண்ணுல, வீட்டுக்கு லேட்டா வர்ற கணவன் ‘குறும்பூழ்ச் சண்டை பாக்கப் போயிருந்தேன்’னு சாக்கு சொல்றான். மனைவி அதை வெச்சே அவனைக் கிழிச்சுத் தொங்க விடுறா. சேவல் சண்டை மாதிரி காடைச் சண்டையும் அன்னைக்கு ஊர்ப் பொழுதுபோக்கு. நெய்யில பொரிச்ச காடைக் கறியும் அந்தக் காலத்துலயே இருந்துருக்கு. அதனால கடை போர்டைப் பார்த்து ‘இதெல்லாம் புது ஃபேஷன்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா அந்தக் காடை வேற, இன்னைக்கு நாம சாப்பிடுற காடை வேற. நம்ம புல்வெளியிலயும் வயல்வரப்பிலயும் இருக்கிற மழைக்காடைக்கு அறிவியல் பேர் கோட்டர்நிக்ஸ் கோரமண்டலிகா. கோரமண்டல், அதாவது சோழமண்டலக் கடற்கரை. 1789-ல ஐரோப்பாவுல பேர் வெச்சாங்க, நம்ம கரையோட பேரையே வெச்சாங்க. மழை ஆரம்பிச்சதும் ‘விட் விட்’னு புல்லுக்குள்ளேருந்து கூப்பிடும். ஆள் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். இந்தப் பறவைக்கு அடைகாக்க நல்லாவே தெரியும்.

இதை வலை போட்டுப் பிடிச்சு விக்கிறது பல குடும்பங்களுக்குப் பிழைப்பா இருந்துச்சு. குறிப்பா நரிக்குறவர் மக்களுக்கு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்னைக்குக் காட்டுக் காடையைப் பிடிக்கிறது, விக்கிறது எல்லாமே குற்றம். அந்தச் சட்டம் அவசியமானது, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. இமயமலைக் காடைன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைக் கடைசியா உறுதியாப் பார்த்தது 1876-ல. அதுக்கப்புறம் இல்லை. அந்தக் கதி மத்த காடைகளுக்கும் வந்துடக் கூடாதுல்ல. ஆனா ஒரு சமூகத்தோட தொழிலே குற்றம்னு ஆனதுக்கு யாரும் மாற்று யோசிக்கலை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியல்ல சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2022 டிசம்பர்ல. சரியா 50 வருஷம்.

சரி, நம்ம தட்டுக்கு வந்த காடை எது? ஜப்பான் காடை, கோட்டர்நிக்ஸ் ஜப்பானிகா. ஜப்பான்ல இதை முதல்ல வளர்த்தது கறிக்கு இல்லை, முட்டைக்கும் இல்லை. பாட்டுக்கு. ஆண் காடையோட குரலுக்காகக் கூண்டுல வளர்த்தாங்க, நாம கிளி வளர்க்குற மாதிரி. 1900-களோட தொடக்கத்துலதான் முட்டை பக்கம் கவனம் திரும்புச்சு. எந்தப் பெட்டை அதிகமா முட்டை போடுதோ, அதோட குஞ்சை மட்டும் வெச்சுக்கிட்டு, அதுலயும் அதிகமா போடுறதை எடுத்து, இப்படித் தலைமுறை தலைமுறையா வடிகட்டினாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. ஒரு பறவை அடையில உக்காந்தா முட்டை போடுறதை நிறுத்திடும். அது உடம்போட கணக்கு: ஒண்ணு போடணும், இல்லைன்னா காக்கணும். வருஷத்துக்கு 250, 300 முட்டை வேணும்னா, உக்கார ஆசைப்படுற பெட்டையை ஒதுக்கியே ஆகணும். யாரும் ‘தாய்மையை அழிப்போம்’னு கிளம்பலை. முட்டையை எண்ணினாங்க, அவ்வளவுதான். காடையோட தலைமுறையும் ரொம்பச் சின்னது, ஆறு ஏழு வாரத்துல குஞ்சு முட்டை போட ஆரம்பிச்சுடும். அதனால கோழியில நூத்துக்கணக்கான வருஷம் எடுத்த வேலை இதுல சில பத்து வருஷத்துல முடிஞ்சது. 150, 200 கிராம் இருக்கிற பறவை தினமும் 10 கிராம் முட்டை போடுது. யோசிச்சுப் பாருங்க, 60 கிலோ ஆள் தினம் மூணு நாலு கிலோ எடையைப் பெத்துப் போடுற மாதிரி.

இரண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட காடைப் பண்ணைகள் கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு. மனுஷங்களுக்கே சோறு இல்லாத நேரம். பாட்டுக் காடை வகைகள் அப்ப போனதுதான், திரும்ப வரவே இல்லை. போருக்கு அப்புறம் மிச்சம் மீதி இருந்த பறவைகளை வெச்சு முட்டைக் காடையை மறுபடி உருவாக்குனாங்க. ஜப்பானுக்கு வெளியே பரவினதுல பெரும்பகுதி அந்தப் போருக்குப் பிந்தைய வழிதான்.

இப்ப பெட்டியோட கதை. அடைகாக்காத பறவையை வளர்க்கணும்னா, அடைகாக்குற இயந்திரம் முன்னாடியே இருந்திருக்கணும் இல்லையா? இருந்துச்சு, 2,000 வருஷத்துக்கு மேலாகவே. எகிப்துல மண் சுவர் வெச்ச பெரிய அறைகள் கட்டி, கீழ முட்டையை அடுக்கி, மேல வைக்கோலும் சாணமும் எரிச்சு ஆயிரக்கணக்கான கோழிக் குஞ்சு பொரிச்சாங்க. எகிப்துல முட்டையைச் சாண எருவுல புதைச்சுப் பொரிக்கிறாங்கன்னு அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கார். அந்த அறைகள்ல தெர்மாமீட்டர் கிடையாது. வேலை பார்க்குறவர் முட்டையை எடுத்துத் தன் கண் இமை மேல வெச்சுப் பார்ப்பார். சூடு அதிகமா, கம்மியான்னு இமை சொல்லிடும். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த குடும்ப ரகசியம் அது. 18-ஆம் நூற்றாண்டுல ரியோமூர்னு ஒரு பிரெஞ்சு அறிவியலாளர், தெர்மாமீட்டர் அளவுக்கே தன் பேரைக் கொடுத்தவர், இதைப் பாரிஸ்ல செஞ்சு பார்க்க முயற்சி பண்ணி 1749-ல ஒரு புத்தகமே போட்டார். எகிப்து பெருமைப்பட வேண்டியது பிரமிடுக்காக இல்லை, இந்த அடுப்புகளுக்காகன்னு அவருக்கு ஒரு எண்ணம்.

நம்ம கிராமத்துல இந்த மாதிரி அடுப்பு எதுவும் இல்லை, தேவையும் இல்லை, அடைக்கோழி இருந்துச்சு. கூடையில வைக்கோல் போட்டு முட்டையை வெச்சு, பக்கத்துல ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் கரி, காஞ்ச மிளகா வைப்பாங்க. இடி இடிச்சா முட்டை கெட்டுப்போயிடும், இரும்பு அதைத் தடுக்கும்னு நம்பிக்கை. வாத்து முட்டையைக் கூட கோழிக்கு அடியில வெச்சுப் பொரிச்சிடுவாங்க. காடை முட்டையைக் கோழிக்கு வெச்சா? முடியாதுன்னு இல்லை, ஆனா கோழியோட எடைக்கு அந்த ஓடு ரொம்ப மெல்லிசு. பாதி உடைஞ்சிடும்.

1881-ல லண்டன்ல சார்ல்ஸ் ஹியர்சன் ஒரு பெட்டி செஞ்சார். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பொருள் அதுதான். உள்ளே ரெண்டு மெல்லிய பித்தளைத் தகடு, நடுவுல சில சொட்டு திரவம், ஓரமெல்லாம் ஒட்டி மூடியிருக்கும். முட்டைக்கு வேண்டிய சூடு வந்ததும் அந்தத் திரவம் ஆவியாகி, தகடு உப்பும். உப்பின தகடு ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி விளக்கோட மூடியைத் திறந்துவிடும், சூடு வெளியே போயிடும். ஆறினதும் தகடு சுருங்கி மூடி மூடிக்கும். ராத்திரி முழுக்க யாரும் முழிச்சிருக்க வேண்டாம். கண் இமை செஞ்ச வேலையை ஒரு சின்னத் தகடு செய்யுது. இன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டபிள்யூ 1209 போர்டு பண்றதும் அதே வேலைதான், தகடுக்குப் பதிலா சென்சார்.

இந்தியாவுக்கு ஜப்பான் காடை வந்தது 1974-ல. கலிபோர்னியாவுல இருந்து உத்தரப் பிரதேசத்துல பரேலி பக்கம் இஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. அங்க இருந்த கோழியியல் பிரிவுதான் 1979-ல மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையமா தனியாச்சு. கோழிக்கு மாற்றா, சின்ன இடத்துல, சின்ன முதலீட்டுல ஒரு பறவை வேணும்ங்கிறது யோசனை. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, நம்ம நந்தனத்துல வேர் பிடிச்சுது. ஆமா, இப்ப மெட்ரோ நிக்குற நந்தனமேதான். அங்க இருந்த அரசு கோழி ஆராய்ச்சி நிலையத்துல காடையைத் தேர்ந்தெடுத்து, நந்தனம் காடை 1, 2, 3-னு வகைகள் உருவாக்குனாங்க. 1989-ல கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வந்தப்புறம் வேலை தொடர்ந்துச்சு. நாமக்கல் காடை வந்தது அங்கேருந்துதான். இன்னைக்குத் தமிழ்நாட்டுல ஒரு பண்ணைக்காரர்கிட்ட போய் என்ன ரகம்னு கேட்டா, பதில்ல நம்ம தென்சென்னைப் பேட்டை ஒண்ணோட பேர் வர வாய்ப்பு அதிகம். சைதாப்பேட்டையில இருந்த எங்க பெரியப்பாவுக்கு ‘நந்தனம்’னாலே குஞ்சு வாங்குற இடம். எனக்கு சிக்னல்.

சரி, என் பெட்டி. மீன் வர்ற தெர்மோகோல் பெட்டி, 40 வாட்ஸ் குண்டு பல்ப், பழைய கம்ப்யூட்டர் ஃபேன், அந்த போர்டு, ஈரப்பதம் காட்டுற மீட்டர். இதுல கிடைக்கக் கஷ்டமானது எது தெரியுமா? குண்டு பல்ப். எல்லாரும் எல்.இ.டி.க்குப் போயிட்டதால, சூடாகுற பல்பைத் தேடி நாலு கடை ஏறணும். 37.5 டிகிரி. நாளைக்கு மூணு நாலு தடவை முட்டையைத் திருப்பணும், 14-ஆம் நாள் வரைக்கும். அப்புறம் தொடக் கூடாது. 17, 18-ஆம் நாள் பொரியும்.

புத்தகத்துல இருக்கிற கணக்கு நம்ம கடலோரத்துல அப்படியே செல்லாது. முட்டைக்குள்ள இருக்கிற தண்ணியில ஒரு பகுதி ஓடு வழியா ஆவியாகிப் போகணும். மொத்த எடையில 12, 13 சதவீதம் குறைஞ்சாதான் உள்ளே காத்துப்பை பெரிசாகி, குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். திருவான்மியூர்ல காத்தே பாதி தண்ணி. அதனால முதல் ரெண்டு வாரம் பெட்டிக்குள்ள தண்ணிக் கிண்ணமே வைக்க மாட்டேன். இன்னொண்ணு, கரு வளர 37 டிகிரி வேணும்னாலும், இருபது சொச்சம் டிகிரியிலயே அது அரைகுறையா வளர ஆரம்பிச்சுடும். மே மாசம் நம்ம வீட்டு அலமாரியில 34 டிகிரியில அஞ்சு நாள் முட்டையைச் சேர்த்து வெச்சா, கரு ஆரம்பிச்சு, நின்னு, செத்துடும். பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடியே. ‘முட்டை நல்லா இல்லை’னு பண்ணைக்காரரைத் திட்டுற பல பேருக்கு நடக்கிறது இதுதான்.

இதே கடற்கரையில இன்னொரு முட்டையும் இருக்கு, ஒரு நிமிஷம் அதையும் சொல்லிடுறேன். ஜனவரியில இருந்து பங்குனி ஆமை கரையேறி, மணல்ல குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல போட்டு மூடிட்டுக் கடலுக்குப் போயிடும். அந்தத் தாயும் உக்காராது. ஆனா அது மறதி இல்லை, மணலை நம்பிப் போறது. கோடிக்கணக்கான வருஷமா மணல்தான் அதுக்கு இன்குபேட்டர். ராத்திரி நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து அந்த முட்டைகளைச் சேகரிச்சுப் பாதுகாக்குற மாணவர் அமைப்பு 1980-கள் கடைசியில இருந்து வேலை செய்யுது. ஆமை நம்பின மணல் இன்னும் இருக்கு. காடை நம்புறது கரண்ட்டை.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். உங்கள்ல பாதிப் பேருக்கு அந்த ரெண்டு மூணு நாள் ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல விடியற்காலையில கரண்ட் போச்சு. பெட்டிக்குள்ள 24 முட்டை, 13-ஆம் நாள். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தப்ப, புள்ளி ஓட்டுக்குப் பின்னால 19-ல நிழல் தெரிஞ்சுது, மீதி அஞ்சு காலி. இன்வெர்ட்டர் மத்தியானமே தீர்ந்து போச்சு. அப்புறம் கேஸ் அடுப்புதான். அம்மா வெந்நீர் வைக்க, நான் பாட்டில்ல ஊத்தி, துணி சுத்திப் பெட்டிக்குள்ள நாலு மூலையில வைக்க, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்த. பேட்டரி தெர்மாமீட்டர் 36 காட்டும், அப்புறம் 31, மறுபடி 36. கீழ்வீட்டுப் பாட்டி மெழுகுவத்தி வாங்க மேல வந்தவங்க பெட்டியைப் பார்த்துட்டு, “ஏம்ப்பா, கோழி உக்கார வேண்டிய எடத்துல நீ உக்காந்திருக்கியே”ன்னாங்க. போறப்ப அவங்க வீட்டு ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாங்க. வெளியே இடுப்பளவு தண்ணியில ஆளுங்க பால் பாக்கெட்டுக்கு நடந்துட்டு இருந்த நேரம், நாங்க காடை முட்டைக்கு வெந்நீர் வைக்கிறோம்னு கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த 19-க்கும் வேற யார் இருக்கா?

புதன்கிழமை காலையில கரண்ட் வந்துச்சு. 17-ஆம் நாள் ஒண்ணுமில்லை. 18-ஆம் நாள், சனிக்கிழமை, ஒண்ணுமில்லை. ஞாயித்துக்கிழமை ராத்திரி காதை வெச்சா உள்ளேருந்து ‘டிக் டிக்’னு சத்தம். திங்கள் விடியறதுக்குள்ள 11 குஞ்சு, எல்லாம் நாலஞ்சு மணி நேர இடைவெளியில. கட்டைவிரல் அளவு, ஏழெட்டு கிராம்.

அந்த ‘டிக் டிக்’குக்கு ஒரு வரலாறு இருக்கு. 1960-கள்ல கேம்பிரிட்ஜ்ல மார்கரெட் வின்ஸ்னு ஒரு ஆய்வாளர் காடை முட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சும், தனித்தனியா பிரிச்சு வெச்சும் பார்த்தாங்க. ஒட்டி இருக்கிற முட்டைகள் கிட்டத்தட்ட ஒண்ணா பொரிஞ்சுது, பிரிச்சு வெச்சது முன்னப் பின்ன பொரிஞ்சுது. ஓட்டுக்குள்ள இருக்கிற குஞ்சு மூச்சு விடுறப்ப வர்ற அந்தச் சொடுக்குச் சத்தம்தான் காரணம். பக்கத்து முட்டை அதைக் கேட்டுத் தன் வேகத்தைக் கூட்டிக்கும், சில நேரம் குறைச்சுக்கும். புல்வெளியில இது உயிர்ப் பிரச்சினை: பொரிஞ்ச சில மணி நேரத்துல தாய் குஞ்சுகளைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவா, லேட்டா வர்றவன் தனியா நிப்பான். தாய் மறந்த வேலையைக் குஞ்சுகள் மறக்கலை. கிளம்பறதுக்கு யாரும் இல்லைன்னாலும் ஒருத்தருக்கொருத்தர் காத்திருக்குதுங்க.

1990 மார்ச்ல மிர் விண்வெளி நிலையத்துல ஒரு இன்குபேட்டர்ல காடைக் குஞ்சு பொரிஞ்சுது. விண்வெளியில பொரிஞ்ச முதல் பறவை. பெட்டிக்கு எடையின்மை ஒரு பிரச்சினையே இல்லை. ஆனா குஞ்சுக்குக் காலை ஊன எதுவும் இல்லை, மிதந்துக்கிட்டே சுத்துது, தானா தீனி எடுக்க முடியலை. பொரிக்க வைக்கிறதையும் வளர்க்கிறதையும் நாம ஒண்ணுன்னு நினைச்சுக்குறோம்.

சட்டத்துக்கும் இந்தப் பறவை ஒரு குழப்பம்தான். 1972 சட்டத்தோட அட்டவணையில ‘காடை’னு பொதுவா போட்டிருந்தாங்க. ஜப்பான் காடை அதுல வருமா? 2011-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரும்னு எடுத்துக்கிட்டு, புதுப் பண்ணைக்கு உரிமம் கொடுக்காதீங்கன்னு மாநிலங்களுக்குச் சொல்லிடுச்சு. ஒரு அரசு நிறுவனம் இறக்குமதி பண்ணி, இன்னொரு அரசு நிறுவனம் ரகம் உருவாக்கி, வளருங்கன்னு பயிற்சி கொடுத்த பறவையை, மூணாவது அரசு அலுவலகம் வனவிலங்குன்னு சொல்லுது. கூண்டும் இன்குபேட்டரும் கடன்ல வாங்கினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. சில வருஷம் இழுத்து, இது வளர்ப்புப் பறவைன்னு ஏத்துக்கிட்டு அந்தத் தடை விலகுச்சு. அமைச்சகத்தோட பயமும் வெறும் கற்பனை இல்லை: வறுத்து மசாலா போட்டு தட்டுல வந்தப்புறம், எது கூண்டுல பொரிஞ்சது, எது வலையில மாட்டினதுன்னு யாரும் சொல்ல முடியாது. ‘காட்டுக் காடை’னு பெருமையா போர்டு வைக்கிற கடை இருந்தா, அது விக்கிறது பொய்யா இருக்கணும், இல்லைன்னா குற்றமா இருக்கணும்.

கடைசியா ஒரு விஷயம். பிரான்ஸ்ல ரென் பல்கலைக்கழகத்துல ஜப்பான் காடையோட தாய்மையைப் பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க. அடையில உக்காராத ஒரு பெட்டையை இருட்டான சின்னப் பெட்டிக்குள்ள வெச்சு, பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சுகளை ராத்திரி அதுக்கு அடியில விடுறாங்க. பல பெட்டைகள் காலையில இறக்கையை விரிச்சுக் குஞ்சை அணைச்சுக்குது, தீனியைக் காட்டிக் கூப்பிடுது. முட்டை மேல உக்காரத் தெரியாத அதே பறவை.

அந்த 11 குஞ்சுல இருந்து வளர்ந்த ரெண்டு பெட்டையை வெச்சு நானும் இதைப் பண்ணிப் பார்த்தேன், அடுத்த பொரிப்புக் குஞ்சுகளோட. செருப்பு டப்பா, ராத்திரி எட்டு மணி, ஒவ்வொரு பெட்டைக்கும் மூணு குஞ்சு. காலையில ஒருத்தி மூலையில ஒதுங்கி நின்னுட்டு, கிட்ட வந்த குஞ்சைக் கொத்தினா. அந்த மூணையும் எடுத்து பல்புக்கு அடியில விட்டுட்டேன். இன்னொரு டப்பாவைத் திறந்தா குஞ்சையே காணோம். பெட்டை மட்டும் வழக்கத்தை விடக் கொஞ்சம் உப்பலா உக்காந்திருந்தா. டப்பாவை லேசா சாய்ச்சதும், இறக்கைக்கு அடியிலேருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துச்சு.